பசறை பஸ்ஸில் போன மென்பொருள்

சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்த அம்மா, ஓடிக்கொண்டிருந்த கணினியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"ஐயோ அம்மா! நடுவுல ஓடிக்கிட்டிருக்கு!"

"தெரியும்டா. அதனாலதான் பிடுங்குனேன். இப்ப போடு பாப்போம்."

பசறை வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. மகன் ஜெயரூபனுக்குக் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. எழுதி முடித்த மென்பொருளைப் பொதியாகக் கட்டி, நூற்றுக்கணக்கான கணினிகளில் கொண்டுபோய் நிறுவும் பிரிவு. அம்மா விஜயலெட்சுமி, லுணுகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணினி ஆசிரியை. தன் பாடசாலையோடு சேர்த்து ஆறு பாடசாலைகளின் பழைய கணினிகளையும் அவள்தான் பார்த்துவந்தாள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் எல்லாக் கணினிகளிலும் புதிய தமிழ்ப் பாடங்களை ஏற்ற வேண்டும். எந்தத் திறந்த மூலக் கருவி அதற்குத் தோதுப்படும் என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் மகனை வரச் சொல்லியிருந்தாள்.

அவன் முதலில் ஜென்கின்ஸ் என்ற கருவியைப் போட்டுக் காட்டினான். அவன் அலுவலகத்தில் ஓடுவது அதுதான். அம்மாவின் கணினிக்கு நினைவகம் இரண்டு ஜிபி. அது திறந்து வருவதற்குள் அவள் ஒரு தேங்காயைத் துருவிவிட்டாள்.

"இது எந்திரிக்கிறதுக்குள்ள என் பீரியட் முடிஞ்சிரும். ஒங்க ஆபீசுக்குச் சரி. நம்ம லேபுக்கு வேணாம்."

அடுத்தது அன்சிபிள். இலேசானது. இணையம் இல்லாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும். திரும்ப ஓட்டினால் முடிந்த வேலையைத் தொடாமல் மிச்சத்தை மட்டும் செய்யும். பிளக் பிடுங்கப்பட்டது இது ஓடும்போதுதான். மறுபடி ஓட்டியதும், பாதியில் அறுந்துபோன ஒரு பொதியில் முட்டி நின்றுவிட்டது. ஜெயரூபன் ஒரு கட்டளையைக் கையால் தட்டிச் சரிசெய்தான்.

"பாத்தீங்களா, ஒரு லைன்தான்."

"அந்த ஒரு லைன லுணுகலையில யாரு தட்டுவா? மழ பேஞ்சா கரண்டு போகும். ஒவ்வொரு தடவையும் நான் ஓட முடியுமா?"

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கட்டளையையே முதல் படியாக எழுதிச் சேர்த்தாள். மின்சாரம் வந்ததும் தானே தொடங்கவும் வழி செய்தாள். பிறகு மூன்று முறை பிளக்கைப் பிடுங்கினாள். மூன்று முறையும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. கருவிகளை ஒப்பிட ஜெயரூபன் பதினொரு கேள்விகள் எழுதி வைத்திருந்தான். அவள் பத்தை அடித்துவிட்டாள். மிஞ்சியது ஒன்று: ஆள் இல்லாத இடத்தில் தானே எழும்புமா?

விஜயலெட்சுமி தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். தோட்டத்து ஆபீசுக்கு டைப் அடிக்கப் போனாள். அங்கே முதல் கணினி வந்தபோது, பழுதானால் பழி நம் தலையில் விழும் என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்து அதை இயக்கியவள் அவள். பிறகு ஆசிரிய உதவியாளர், பிறகு ஆசிரியை. லினக்ஸ் ஏன் பிடித்தது என்று ஜெயரூபன் ஒருமுறை கேட்டான்.

"உள்ள என்ன இருக்குன்னு தொறந்து பாக்கலாம்ல. ஆபீசுல என்னய அலுமாரியக்கூடத் தொறக்க விட்டதில்ல."

தோட்டங்களுக்கு இணையம் ஒழுங்காக எட்டாததால் அவள் மென்பொருள் பஸ்ஸில் போனது. எல்லாரும் 'நானா', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் லுணுகலை பஸ் கண்டக்டர் பாறூக், சந்தியில் காத்திருக்கும் ஆசிரியரிடம் பென் டிரைவைக் கொடுப்பார். மறுநாள் வாங்கி அடுத்த சந்தியில் கொடுப்பார். ஆரம்பத்தில் ஒருநாள், பாட்டு இருக்கிறது என்று நினைத்து டிரைவர் அதை பஸ் ரேடியோவில் செருகிவிட்டார்.

"டீச்சர், ஒங்க பென் டிரைவ் செத்துப் போச்சு. லுணுகலை வரைக்கும் பாத்தோம், ஒண்ணும் பாடல."

"அதுல பிள்ளைங்க படிக்கிறதுதான் இருக்கு, பாறூக் நானா."

"அப்ப எங்களுக்கும் நாலு பாட்டப் போட்டுவிடுங்களேன். சும்மாதானே தூக்கிட்டுப் போறோம்!"

அடுத்த மாதம் முதல் பாடங்களோடு பாட்டும் போனது. பென் டிரைவ் ஒருநாளும் தொலையவில்லை. இந்தக் கதையை அலுவலகத்தில் சொல்லி ஜெயரூபன் சிரித்திருக்கிறான்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் பென் டிரைவ் பஸ் ஏறியது. வியாழக்கிழமை அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அவளோடு அந்த ஆறு பாடசாலைகளின் வேலையும் நின்றுபோகும் என்று ஜெயரூபன் பயந்தான். பரீட்சைக்குப் பிள்ளைகள் வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்குப் பதிலாக அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

கருமாதி முடிந்த மறுநாள் பாறூக் வந்தார். சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

"ஆறு ஸ்கூலும் முடிஞ்சிருச்சு, தம்பி. டீச்சர் போன அன்னைக்கு நாலாவது ஸ்கூல்ல இருந்திச்சு. இதோட நிப்பாட்டவான்னு கேட்டேன். அங்க உள்ள கலாராணி டீச்சர் ஏசிட்டாங்க. 'விஜயா டீச்சர் தொடங்குன வேலைய நிப்பாட்ட நீங்க யாரு? கொண்டுபோங்க அடுத்த ஸ்கூலுக்கு'ன்னாங்க."

ஜெயரூபன் பென் டிரைவைத் திறந்தான். ஒவ்வொரு கணினியும் தன் நிலையை ஒரு வரியில் எழுதி வைத்திருந்தது. முப்பத்தொன்பது கணினிகள். முப்பத்தொன்பதிலும் வேலை முடிந்திருந்தது. ஐந்தில் நடுவே மின்சாரம் போயிருந்தது. அந்த ஐந்தும் தாமே எழும்பி மிச்சத்தை முடித்திருந்தன. போன மாதம் அவன் அலுவலகத்தில் இப்படி ஒன்று பாதியில் நின்றபோது, நான்கு பொறியியலாளர்கள் ஒரு பகல் முழுக்கப் போராடினார்கள்.

"எங்கம்மா கட்டுனது, நானா," என்றான். தலை நிமிர்ந்திருந்தது.

கணினிகளின் பெயர்ப் பட்டியலைக் கடைசிவரை பார்த்தான். கீழே இன்னும் நான்கு பெயர்கள். ஒவ்வொன்றின் முன்னும் # குறி. அந்தக் குறி உள்ள வரியைக் கருவி பார்க்காமல் தாண்டிப் போகும். மேலே அம்மா எழுதியிருந்தாள்: 'புதுசா ஏழாவது: தோட்டத்து மேல் டிவிஷன் பாடசாலை. பெட்டியில் நாலு கம்பியூட்டர். முதல் தரம் கையால்தான் போட வேணும். சனிக்கிழமை நானே போறேன்.'

"நானா, மேல் டிவிஷனுக்கு பஸ் போகுமா?"

"போகாது, தம்பி. சந்தியில எறங்கி ரெண்டு கட்ட தூரம் மலை ஏறணும். டீச்சரும் நடந்து போறதாத்தான் சொல்லியிருந்தாங்க."