பக்கத்துப் போர்ஷனில் பீசா

எண்பதுகளில், திண்டிவனத்தில் எங்கள் பக்கத்துப் போர்ஷன்காரர் இரும்பை என்ற ஊர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல்காரர். ஒல்லி உடம்பு, பெரிய மீசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லைச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “சார், எங்க வீட்ல பீசா! வாங்க” என்றார். கரண்ட் பீஸ் போய்விட்டதாக்கும் என்று ஒயரோடு ஓடினேன்.

போய்ப் பார்த்தால், சட்டி மூடிமேல் தணல் போட்டு அவரே சுட்ட ரொட்டி. மேலே தக்காளியும் சீஸும் உருகிக் கிடந்தன. எனக்குக் கொடுத்த துண்டை ரெண்டே வாயில் முடித்தேன். அவரோ பெண்டாட்டியோடு ஒரே தட்டின் முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி மென்று, பேசிச் சிரித்து, மறுபடி மென்றார். என் வீட்டில் நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் என் மனைவி சாப்பிடுவாள். எனக்கு வயிறு எரிந்தது.

“ஏங்க, ஒரு துண்டுக்கு இவ்ளோ நேரமா?”

“ஜல்தியா துன்னா இவ எழுந்து பாத்திரம் கழுவப் பூடுவா சார்.”

வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி கேட்டாள்: “பீஸ் போட்டுட்டீங்களா?”

“போட்டாச்சு” என்றேன். அந்த ஒரே தட்டைப் பற்றி இன்றுவரை அவளிடம் நான் மூச்சு விடவில்லை.