வீட்டுக்கு ஒரு ஆள்

அப்பாவை ஸ்பொன்சர் செய்து மொன்றியலுக்கு எடுத்த மூன்றாவது மாதம், செயின்ட்-மிஷேலில் தண்ணிக் குழாய் மாற்ற எங்கள் வீதியைக் கிண்டத் தொடங்கினார்கள். கதவில் பிரெஞ்சில் ஒரு அறிவித்தல் தொங்கியது. "என்ன பிள்ளை போட்டிருக்கு?" என்று அப்பா கேட்டார். டோர்வலுக்கு வேலைக்கு ஓடுகிற அவசரத்தில், "றோட்டு வேலையாம் அப்பா, திங்கட்கிழமை தொடக்கம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். என்ரை வாயை என்ன செய்ய!

திங்கள் காலை தேத்தண்ணி கொடுக்கப் போனால் ஆளைக் காணவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். பனி தள்ளுகிற சவளைத் தோளில் வைத்துக்கொண்டு, வேலைக்காரர்களின் பக்கத்தில் நேராக நின்றுகொண்டிருந்தார். செருப்போடு இறங்கி ஓடினேன்.

"என்ன கூத்தப்பா இது? உள்ளுக்கு வாங்கோ!"

"வீட்டுக்கு ஒரு ஆள் போகத்தானே வேணும் பிள்ளை. உனக்கு வேலை. நான் சும்மாதானே இருக்கிறன்."

சவளைப் பறிக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

ஊரில் ஆமி முகாமுக்குப் போகும் வீதியை எங்களைப் போன்ற துண்டுக்காணிச் சனத்தைக் கொண்டுதான் போட்டார்கள். வீட்டுக்கு ஒருவர், சம்பளம் இல்லை, விதைப்புக் காலமென்றாலும் விலக்கில்லை. காலையில் பெயர் கூப்பிடுவார்கள். ஆள் வராத வீட்டின் நிவாரண அட்டையைப் பறிப்பார்கள். வசதியானவர்கள் கூலிக்கு ஆள் விட்டார்கள். நாங்கள் யாரை விடுவது? அப்பா காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்த கிழமை, ஏழு மாத வயிற்றோடு அம்மா போய்க் கல்லுச் சுமந்தா. பிள்ளை தங்கவில்லை. ஆண் பிள்ளை. அந்தக் காய்ச்சலை அப்பா இன்றுவரை தன் குற்றமாகவே வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் பிந்திப் போனதில்லை.

"அப்பா, இஞ்ச ஒருத்தரும் வேலைக்கு ஆள் பிடிக்கிறேல்லை. இவங்கள் சம்பளத்துக்குச் செய்யிறாங்கள்."

"உனக்குத் தெரியாது. நான் வராட்டி உன்ரை கார்டைத்தான் பறிப்பாங்கள்." சவளை மற்றத் தோளுக்கு மாற்றினார். "இன்னும் என்ரை பேரைக் கூப்பிடேல்லை. ஏனெண்டு கேள் பிள்ளை."

மேற்பார்வை செய்த ஆளிடம் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்து, அப்பாவின் தோளில் தட்டி, "போன்ஜூர்" என்றார். எனக்கோ வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆளை உள்ளே கொண்டுபோக வேறு வழி தெரியவில்லை.

"பேர் எழுதிப்போட்டாராம். இண்டைக்கு உங்களுக்கு வேலை இல்லையாம். வாங்கோ."

"உண்மையா எழுதினவரோ?"

"ஓம் அப்பா, எழுதினவர்."

அவருடைய முகம் தெளிந்தது. உள்ளே வந்து இடியப்பமும் சாப்பிட்டார். நான் பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அடுத்த நாள் விடிய, வேலைக்காரர்கள்கூட வந்து சேரவில்லை. வெறும் வீதியில் அப்பா தனியாக நின்றார். கையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. குழாய் வேலை முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது.

"பேர் பதிஞ்சாச்செல்லோ பிள்ளை," என்றார். "இனி வராமல் விடேலுமே?"