கடைசி வரியில் ஒரு கிளிக்

தொண்ணூறுகளின் பிற்பகுதி, யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பலில் வரும் சாமான்களை லொறிகளில் ஏற்றி அனுப்பும் ஒரு கம்பனியின் கந்தோரில் கணினி பார்ப்பவனாக இருந்தேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, எல்லாவற்றுக்கும் விசைப்பலகை. மவுஸ் என்பதை அங்கே யாரும் கண்ணால்கூடக் கண்டதில்லை.

லொறிகளுக்கு அனுமதிச்சீட்டு அடித்துக் கொடுப்பவர் ஈச்சிலம்பற்று ஊரைச் சேர்ந்த அக்கா ஒருவர். ஷெல் துண்டு பட்டு இடது கை இயங்காமல் போய், அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். ஒற்றைக் கையாலேயே விறுவிறென்று அடிப்பார். பதிவை முடிக்க மட்டும் முடியாது. தவறுதலாக எதுவும் பதிவாகிவிடக் கூடாதென்று, இடது மூலை விசையையும் வலது மூலை விசையையும் சேர்த்து அமுக்கும்படி புரோகிராமை எழுதி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் யாரையாவது கூப்பிட வேண்டும். வெளியே லொறிகள் ஹோர்ன் அடிக்கும். மாத முடிவோடு அவரை நிறுத்தப்போவதாக மனேஜர் சொல்லிவிட்டார். அந்தச் சம்பளத்தில்தான் அக்காவின் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

"விசையை மாத்தட்டோ சேர்?" என்று மனேஜரிடம் கேட்டேன்.

"மற்ற ஆக்களுக்குக் கை பழகிட்டுது. ஒண்டையும் மாத்தாதீங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, விசையைத்தானே மாற்றக் கூடாது! எழுத்துத் திரையிலும் மவுஸை வேலை செய்ய வைக்கலாம் என்று எங்கோ படித்திருந்தேன். கொழும்புக்குப் போய் ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கந்தளாய்ப் பக்கம் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். வயரும் பொத்தானுமாக ஒரு சாமான் பையிலிருந்து வந்தால் சும்மா விடுவார்களா? ஓர் ஆமிக்காரர் அதன் அடிமூடியைத் திருகித் திறந்தார். உள்ளே இருந்த ரப்பர் உருண்டை கீழே விழுந்து பஸ்ஸுக்கு அடியில் ஓடிவிட்டது. அது இல்லாவிட்டால் அந்த மவுஸால் ஒரு பயனும் இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், கை ஏலாத ஓர் அக்காவின் வேலைக்காகக் கொண்டுபோகிறேன் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துவக்கைக் கழற்றி, பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு அடியில் தவழ்ந்துபோய் உருண்டையை எடுத்து, சட்டையில் துடைத்துத் தந்தார். உருண்டையைப் போட்டு மூடியைத் திருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

திரையின் மேலே ஒரு பெட்டி போட்டு, அதைக் கிளிக் செய்தால் பதிவாகும்படி எழுதினேன். அக்காவோ மவுஸைப் பிடித்ததும் நேரே கடைசி வரிக்குப் போனார். எந்த விசைக்கு என்ன வேலை என்று அங்கேதான் எழுதியிருக்கும். அதன்மேல் கிளிக் செய்தார்; ஒன்றும் நடக்கவில்லை.

"தம்பி, சேவ் எண்டு இஞ்சதானே போட்டிருக்கு? இதைத் தொட்டா ஏன் கேக்குதில்லை?"

நியாயமான கேள்வி. பெட்டியைத் தூக்கிவிட்டு, அந்த வரியிலுள்ள ஒவ்வொரு சொல்லும் கிளிக்குக்குக் கேட்கும்படி மாற்றினேன். மறுநாள் காலை அக்கா யாரையும் கூப்பிடாமல் முதல் சீட்டை எடுத்து நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரோ, "அடுத்த ஆள் வாங்கோ!" என்று குரல் கொடுத்தார்.

மாத முடிவில் மனேஜர் அக்காவை நிறுத்தும் கதையையே எடுக்கவில்லை. தன் மேசைக்கும் ஒரு மவுஸ் கேட்டார்!

அக்காவின் வேலை தப்பியதில் என்னுடைய பங்கைவிட, பஸ்ஸுக்கு அடியில் தவழ்ந்த அந்த மனிதரின் பங்குதான் பெரிது என்று இன்றும் நினைக்கிறேன். அது அவருக்குத் தெரியாமலே போனதுதான் என் ஒரே மனக்குறை.