நாற்பது அடி நிக்கல்

மாவிஸ் ட்ரெம்பாத் கம்பெனி அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். இடது கையில் பூதக்கண்ணாடி, வலது கையில் கடித்துக் கடித்து மொட்டையான பென்சில். "முன்பக்கம் அவனுங்க சொல்ல ஆசைப்பட்டது. பின்பக்கம் சொல்லாம தப்பிக்க முடியாதது" என்பார்.

வயது எண்பத்தாறு. மேற்கு ஆஸ்திரேலியாவின் சுரங்க ஊரான கல்கூர்லியில் கனிமப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் கல்லை அரைத்துச் சலித்தவர். அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் காது போயிற்று. பேச்சு எப்போதும் உரக்கத்தான். கனிமம் தேடும் சின்னக் கம்பெனியின் பங்கை வாங்கலாமா என்று கேட்க, ஊரார் இன்றும் பேக்கரியில் அவர் மேசைக்கு வருகிறார்கள். கனிமம் பார்க்கத் தரையில் இறக்கிய துளையைப் பற்றித்தான் அவர் முதலில் கேட்பார்: "துளை எந்தப் பக்கம் சாஞ்சு போகுது?"

1970ஆம் வருடம் ஊருக்கே நிக்கல் பைத்தியம். முடிதிருத்துபவர் கத்தரியைப் பாதியில் வைத்துவிட்டு ரேடியோவில் பங்கு விலை கேட்பார். பாதித் தலையோடு நாங்களும் கேட்போம். அந்த இரைச்சலும் செம்புழுதியும் இன்றும் நினைக்க இனிக்கின்றன. அப்போதுதான் வடக்கே ஒரு சின்னக் கம்பெனி, தன் துளையில் நாற்பது அடி நீளத்துக்கு நிக்கல் என்று அறிவித்தது. வீடு வாங்கச் சேர்த்ததை அப்படியே அதில் போட இருந்தேன். அறிக்கை எழுதிய நிலவியலாளர் மாவிஸின் தம்பி கிளெம்.

பேக்கரியில் அந்த அறிக்கையைப் படித்த மாவிஸ், நடுவே ஜாம் பூசிய தன் கேக்கை என் முன் நகர்த்தி, பென்சிலை மேலிருந்து குத்தினார். "குறுக்கே போனா ஜாம் எவ்ளோ? நூலளவு." பிறகு பக்கவாட்டில், ஜாம் வழியாகவே செருகினார். "இப்படிப் போனா? முழுக்க ஜாம். அவனுங்க துளை இப்படித்தான் போகுது. நாற்பது அடி இல்லடா, நாலடி."

"உங்க தம்பிதானே கையெழுத்து போட்டிருக்கார்?"

"அதான் வயித்தெரிச்சல். வாங்காதே."

வாங்கவில்லை. இரண்டே வாரத்தில் விலை மும்மடங்கு. தெருவில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "என்னடா, கோவமா? இரு, இன்னும் ஏறும்!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கத்துவார். ஏறியது. கோடையில் குறுக்காகப் போட்ட புதுத் துளைகளில் ஏறக்குறைய வெறும் பாறைதான் வந்தது. ஒரே நாளில் பங்கு வெற்றுக் காகிதம். எங்கள் தெருவில் தப்பியவன் நான் ஒருவன்.

மறுநாள் காலை கிளெம் பேக்கரிக்குள் வந்தான்.  ஒவ்வொருவராக அவனுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.

"துளையோட சாய்வைக் கடைசிப் பக்கத்துல எழுதித்தானேக்கா வச்சிருந்தேன்..." என்றான், யாரையும் பார்க்காமல்.

மாவிஸ் பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தார். தட்டிலிருந்த பேஸ்டி பலகாரத்தை இரண்டாக வெட்டி, இறைச்சி நிறைந்த பெரிய பாதியை அந்த நாற்காலியின் பக்கம் தள்ளி வைத்தார்.