சம்பந்திக்குத் தைத்த கோட்டு

கத்தரியக்காவின் தையல் கடைக்கு வம்பு பேசப் போனவர்கள், நான் உள்பட, ஒரு பொத்தானாவது தைத்துக் கொடுக்காமல் திரும்பியதில்லை. சும்மா உட்கார விடமாட்டாள்.

அவள் மகன் துருக்கிக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். வீடியோவில் சம்பந்தியம்மாவிடம் அக்கா மூச்சுவிடாமல் பேசுவாள். மகன் அதை துருக்கி மொழியில் நாலே வார்த்தையில் முடித்துவிடுவான்.

"ஏன்டா, நான் எவ்வளவு சொன்னேன்?"

"முக்கியமானதச் சொல்லிட்டேம்மா."

"என் பேச்ச வெட்ட உனக்கு யாருடா கத்தரி குடுத்தா?"

சம்பந்தியம்மா நேரில் வரப்போகிறாள் என்று தெரிந்ததும், மகனை நடுவில் வைக்காமல் ஒரு வார்த்தையாவது தானே பேசிவிட வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். போனில் துருக்கி மொழிப் பாடத்தை ஓடவிட்டு மெஷினை மிதித்தாள்.

"நம்ம பேச்சு மாதிரியேதான்," என்றாள் என்னிடம். "யாரு, என்னத்தன்னு முதல்ல வரும். என்ன பண்றாங்கங்கறது கடைசியில. 'எவ்'னா வீடு. 'எவ்தே'ன்னா வீட்டுல. ஒட்டுத்துணி மாதிரி பின்னாடி சேத்துத் தைக்கறாங்க. கேள்வின்னா நம்ம 'ஆ' மாதிரி 'மி'."

காகிதம் தேடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. போனில் வரும் எழுத்தைப் பார்த்து, மடியில் இருக்கும் துணியிலேயே தையல் சாக்கட்டியால் எழுதிப் பழகுவாள். அப்புறம் தட்டிவிடுவாள்.

அந்த நாளும் வந்தது. நானும் அக்கா வீட்டில் இருந்தேன். சம்பந்தியம்மா வாசலில் நின்றாள். 'உங்க பொண்ணு என் பொண்ணு' என்று சொல்வதற்குத்தான் இத்தனை நாள் பாடம். அந்த நேரம் பார்த்து எல்லாம் மறந்துபோயிற்று. சம்பந்திக்கென்று தைத்து வைத்திருந்த கோட்டை மட்டும் அக்கா நீட்டினாள்.

சம்பந்தி என்றால் சம்பந்திதான். வாங்கியதும் தையல் எப்படி என்று உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். உள்துணியில் அக்கா தட்ட மறந்த சாக்கட்டி எழுத்து. சம்பந்தியம்மா வாய்விட்டுப் படித்தாள்.

"பென் ச்சாய் இச்சியோரும்." நான் டீ குடிக்கிறேன்.

வயிறு குலுங்கச் சிரித்தாள். மகன் விளக்கம் சொல்ல வாயெடுத்தான். சம்பந்தியம்மா கையமர்த்திவிட்டு, அக்காவைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

"ச்சாய் இச்செலிம் மி?"

டீ குடிக்கலாமா என்கிறாள். அக்கா கடைசியில் வந்த 'மி'யைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள்.

"இச்செலிம்." குடிக்கலாம்.

இருவரும் அடுப்படிக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல், "கிஸினிஸ் பெனிம் கிஸிம்" என்றது. உங்க பொண்ணு என் பொண்ணு. அதற்கு என்ன பதில் வந்ததோ, டம்ளர்களின் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை.

மகன் எழுந்து எட்டிப் பார்த்தான். "அம்மா, என்ன சொல்றாங்க?"

"நீ போய் உக்காருடா. முக்கியமானத அப்புறம் சொல்றேன்."