இருளாயி அக்கா தூக்கி வந்த பிள்ளை

இருளாயி அக்காவிடம் திட்டு வாங்காமல் எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தியும் பிள்ளை பெற்று வீடு வந்ததில்லை. பிரசவ வார்டில் அவள் வெறும் அட்டெண்டன்தான். தரை கழுவுவது, துணி மாற்றுவது, பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கொடுப்பது, அவ்வளவுதான் வேலை. ஆனால் வாசலில் அவள் நின்றால் டாக்டரே கொஞ்சம் யோசித்துத்தான் உள்ளே வருவார். பார்க்க வருகிற கூட்டத்தைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது.

"இது என்ன திருவிழாவா? கை கழுவுனியா? கழுவலயா? அப்ப அப்படியே திரும்பிப் போ லா!"

கையில் துடைப்பம் வேறு இருக்கும். எத்தனையோ மாமியார்கள் அந்த வாசலோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அவளும் தோட்டத்துக்காரிதான். பாவாடை கட்டிய வயதிலேயே வாளி தூக்கி ரப்பர்ப் பால் மரம் சீவப் போனவள். புருஷன் மரக்கட்டை லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி கிடையாது. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று, குடியிருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோது, ஒரு துணி மூட்டையோடு ஈப்போ டவுனுக்கு வந்தாள். அங்கே சிலிபின் பக்கம் ஒரு பலகை வீட்டில் அறை பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்தாள். பிள்ளை பெறாதவள் கையில் பிள்ளையைக் கொடுப்பதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அது அவள் காதில் விழாமலா இருக்கும்? விழுந்தால், அவர்கள் பிள்ளையை இன்னும் ரெண்டு தரம் தூக்கிக் கொஞ்சுவாள். அப்படி ஒரு வீம்புக்காரி.

எனக்கு அதற்கு முன்னே வயிற்றில் தரித்தது எதுவும் தங்கவில்லை. தங்கிய முதல் பிள்ளைக்காகத்தான் நான் அந்த வார்டுக்குப் போனேன். எழுபதுகளின் கடைசி அது. இந்தோனீசியாப் பக்கம் கிளம்பி நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்த காலரா எங்கள் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. மழை இல்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஆற்றுத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துக் குடித்தோம். சுகாதார இலாகாக்காரர்கள் வேனில் வந்து, காய்ச்சிக் குடியுங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்திவிட்டுப் போனார்கள். அவர்களுக்கென்ன! வெயிலில் வேலை பார்த்துவிட்டு நாக்கு வறண்டு வருகிறவள், அடுப்பு மூட்டித் தண்ணீர் காய்ச்சி, அது ஆறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா?

வலி எடுத்ததும் என் நாத்தனார் ராக்காயிதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாள். என் வீட்டுக்காரர் பத்துமலையின் அக்கா. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவள். பெண் பிள்ளை பிறந்தது. இருளாயி அக்கா துடைத்துக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டாள். "உன்ன மாதிரியே மூக்கு. பாவம்" என்றாள்.

மறுநாள் எனக்கு வயிறு கலக்கியது. பச்சை உடம்புதானே, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் எழுந்திருக்கவே முடியவில்லை. அரிசி கழுவிய தண்ணீராகப் போயிற்று. அதைப் பார்த்த இருளாயி அக்கா என்னைத் திட்டவில்லை. எனக்கு முதல் பயம் அங்கேதான் பிடித்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

என்னைப் பின்கட்டிடத்தில் இருந்த காலரா வார்டில் போட்டார்கள். கட்டிலின் நடுவில் ஓட்டை, அதற்குக் கீழே வாளி. கையில் டிரிப்பு. எங்கு பார்த்தாலும் மருந்து நெடி. பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனத்தி முனகிக்கொண்டே கிடந்தாள். முனகல் நின்றபோது, தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். வெள்ளைத் துணியைப் போர்த்தித் தள்ளிக்கொண்டு போனார்கள்.

எனக்குச் சாகப் பயமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். பயந்து செத்தேன். அதைவிடப் பெரிய பயம் பிள்ளையைப் பற்றியது. அது என் பக்கத்தில் படுத்திருந்ததே, என் மார்பில் வாய் வைத்ததே, என்னிடமிருந்து அதற்கும் ஒட்டியிருந்தால்? ரெண்டு கை அகலம் கூட இல்லாத உடம்பு. ஒரு தடவை போனால் தாங்குமா?

பிரசவ வார்டின் வராந்தா என் ஜன்னலுக்கு எதிரே இருந்தது. நடுவில் ஒரு சாக்கடையும் கம்பி வேலியும். காலையிலும் சாயங்காலமும் இருளாயி அக்கா பிள்ளையைக் கொண்டுவந்து வராந்தாவில் நின்று தூக்கிக் காட்டுவாள்.

"பால் குடிச்சிச்சா அக்கா?"

"குடிக்குது, குடிக்குது! உன்னாட்டம் ஊரைக் கூட்டுது!"

"ஒரே ஒரு தரம் இங்க கொண்டாங்களேன். தொடமாட்டேன். வாசல்ல நின்னா போதும்."

"வாய மூடிக்கிட்டு அந்த உப்புத் தண்ணியக் குடி லா! நீ போய்ச் சேந்துட்டா பிள்ளைய யாரு பாக்குறது? நானா?"

எனக்கு வந்ததே கோபம்! கல் நெஞ்சுக்காரி, பெற்றிருந்தால் தெரியும் என்று மனதுக்குள் கரித்துக் கொட்டினேன். மார் கட்டி வலித்தது. பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றினால் எங்கள் வார்டு நர்ஸ் மிஸ்ஸி ரொஹானி மருந்தைக் கொட்டிக் கீழே ஊற்றிவிடுவாள். பிள்ளை ஒருத்தி கையில் புட்டிப்பால் குடிக்க, என் பால் சாக்கடையில் போனது. நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான், பிள்ளையை என் கையில் கொடுங்கள். டாக்டரிடம் கேட்டேன், கூட்டுகிறவளிடம் கேட்டேன், மாரியாத்தாளிடம் கேட்டேன்.

ஒருநாள் காலையில் இருளாயி அக்கா வராந்தாவுக்கு வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தேன். கடைசிக் கட்டிலுக்கு யாரையோ புதிதாகக் கொண்டுவந்து போட்டார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கண் வராந்தாவிலேயே இருந்தது.

அப்புறம் எங்கள் வார்டுக் கதவு திறந்தது. அக்கா வந்தாள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தாள். கையில் என் பிள்ளை.

"ஆத்தா!" என்று ரெண்டு கையையும் நீட்டினேன். டிரிப்புக் குழாய் இழுத்துக்கொண்டது. சந்தோஷத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளையை மடியில் வாங்கிய பிறகுதான் அக்காவின் கண்ணைப் பார்த்தேன். அழுது சிவந்திருந்தது. காலரா வார்டுக்குள் நல்ல பிள்ளையை யாராவது கொண்டுவருவார்களா?

"என்னக்கா ஆச்சு? பிள்ளைக்கு என்ன?"

"இன்னும் ஒண்ணும் ஆகல" என்றாள் அக்கா. "உன் நாத்தனா நேத்து வாசல்ல வந்து அழுதா, செல்லாயி. கையில சின்னப் போத்தல்ல சீனித் தண்ணி. தாய் இப்படிக் கெடக்கா, பிள்ளைக்குச் சேனை வைக்கக்கூட நாதி இல்லயான்னு கேட்டா. எனக்கு மனசு கேக்கல. விரல்ல தொட்டு ஒரு சொட்டு வையின்னு நாந்தான் உள்ள விட்டேன்."

நல்ல குணமுள்ளவர்கள், பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அத்தனை மாமியார்களையும் துடைப்பத்தால் விரட்டிய இருளாயி அக்கா, அந்த ஒரு சொட்டுக்கு வழி விட்டிருக்கிறாள்.

"காச்சுன தண்ணியான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். ஆமான்னுதான் சொன்னா." கடைசிக் கட்டிலைக் காட்டினாள். "இப்ப அவளையே ஆம்புலன்ஸ்ல கொண்டாந்து போட்டிருக்காங்க."

கன்னமெல்லாம் உள்ளே போய்க் கிடந்தாள் ராக்காயி. வெளியே சொன்னால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கை மறைத்திருக்கிறாள். நான் கத்திய கத்தலில் கண்ணைத் திறந்தாள்.

"டிரம்முத் தண்ணிதான் செல்லாயி" என்றாள். "சேனைக்கு யாராச்சும் தண்ணி காச்சுவாங்களா? ஒரு சொட்டுதானேன்னு..."

இருளாயி அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவளாகவே போய் சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறாள். பிரசவ வார்டில் மற்ற பிள்ளைகள் இருக்கின்றனவே. சொன்ன உடனே பிள்ளையோடு சேர்த்து அவளையும் இங்கே அனுப்பிவிட்டார்கள். அதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது நான் வாய்க்கு வந்தபடி பேசினேன்.

"என் பிள்ளையக் கொன்னுட்டீங்களே! ஊருக்கெல்லாம் சட்டம் பேசுற வாயி, என் பிள்ளைக்கு மட்டும் எங்க போச்சு?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

பிள்ளையிடம் சோதனைக்கு எடுத்தார்கள். பதில் வரும் வரைக்கும் என் பக்கத்திலேயே தொட்டில். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம் என்றார் டாக்டர், பிள்ளைக்கு நீர் வற்றக் கூடாதாம். நான் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஆனால் பிள்ளை மார்பில் வாய் வைத்த ஒவ்வொரு தடவையும் உச்சந்தலைக் குழியைத் தொட்டுப் பார்ப்பேன், உள்ளே போயிருக்கிறதா என்று. துணி நனைந்தால் போதும், நானும் அக்காவும் ஒரே நேரத்தில் பாய்வோம். அவள்தான் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, "மஞ்சள்தான்" என்பாள். ரெண்டு பேருக்கும் மூச்சு வரும். அதைத் தவிர எங்களுக்குள் பேச்சே இல்லை.

ராக்காயி பிழைக்கவில்லை. வந்ததே தாமதம், ரெண்டு கையிலும் டிரிப்பு ஏற்றியும் நிற்கவில்லை என்றார்கள். அவளைத் துணி போர்த்தித் தள்ளிக்கொண்டு என் கட்டிலைக் கடந்து போனபோது, பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். கூடப் பிறவாத பிறப்பு. அவளுக்காக அழக்கூட எனக்கு வரவில்லை, அவ்வளவு பயம். அதே தண்ணீர்தானே இதன் வயிற்றிலும் இருக்கிறது?

பதில் வந்த அன்று பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. மிஸ்ஸி ரொஹானி வாசலில் இருந்தே சிரித்தாள். "பேபி தடா கூமான்! அட்டெண்டனும் ஓகே." அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "மாக் மாசே அடா." பிள்ளைக்குக் கிருமி இல்லை. அக்காவுக்கும் இல்லை. தாய்க்கு இன்னும் இருக்கிறது.

பிள்ளையை உடனே வேறு அறைக்குக் கொண்டுபோக வேண்டுமாம். இருளாயி அக்கா கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். கையை நீட்ட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"மிஸ்ஸியையே தூக்கச் சொல்லவா, செல்லாயி?" என்றாள்.

பிள்ளை இன்னும் விடாமல் சப்பிக்கொண்டிருந்தது. அதன் வாயோரத்தில் விரலைக் கொடுத்து விடுவித்தேன். வீல் என்று கத்தியது. துணியில் சுருட்டி அக்காவின் கையில் வைத்தேன்.

"ஓடுங்கக்கா. நான் கூப்புட்டாலும், காலுல விழுந்து கெஞ்சுனாலும் இந்தப் பக்கம் கொண்டாந்துராதீங்க."

அக்கா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியே விட்டாள். பிள்ளை வராந்தா நெடுக அழுதுகொண்டே போனது. அந்த அழுகை தூரப் போகப் போகத்தான் எனக்கு உயிர் வந்தது.