கொண்டுவந்தவர்: தெரியவில்லை

பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் கவுன்ட்டரில் இருபத்தெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. மாணவர்களைக் கேட்டால் அது தெரியாது. அவர்களுக்கு அவர் பதினொண்ணார். நூலக விதிகளில் பதினோராவது விதியின் மீது மனிதருக்கு அப்படியொரு பாசம். புத்தகத்தை எடுத்தவரே நேரில் வந்து ஒப்படைக்க வேண்டும். வேறு யாராவது கொண்டுவந்தால், கொண்டுவந்தவர் முப்பது நாள் நூலகத்துக்குள் கால் வைக்கக் கூடாது. இதுதான் அந்த விதி.

மற்ற விதிகளை அவர் காற்றில் பறக்கவிட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. பை வெளியே, குடை வெளியே, தண்ணீர் பாட்டில் வெளியே, சிரிப்பு வெளியே. ஆனால் அதையெல்லாம் வாசல் காவலாளியே பார்த்துக்கொள்வார். பதினொன்று மட்டும் கவுன்ட்டரின் சொந்தச் சொத்து. ஒருமுறை கணிதப் பேராசிரியர் ஒருவர் காலை உடைத்துக்கொண்டு படுத்துவிட, அவர் மனைவி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அவரே வரட்டும்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்று பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பினார் பதினொண்ணார். அந்த அம்மாவுக்கு முப்பது நாள் தடையும் போட்டார். அவர் அதற்கு முன்னும் பின்னும் நூலகத்தின் பக்கமே வந்ததில்லை என்பது வேறு விஷயம். மறு வாரம் பேராசிரியர் இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு படியேறி வந்தபோது, பதினொண்ணார் எழுந்து நின்று புத்தகத்தை வாங்கிக்கொண்டார். மரியாதை தெரியாதவர் இல்லை.

அவர் விடுப்பில் போகும் நாட்களில் கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர், யார் கொண்டுவந்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்வார். அதனால் பதினொண்ணார் விடுப்பு எடுப்பதையே குறைத்துக்கொண்டார். நாடு கெட்டுப்போக நாம் காரணமாக இருக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

இப்பேர்ப்பட்டவருக்கு மகளாகப் பிறந்தவள் அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தாள். நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதைப் பற்றி மூன்றரை வருடம் மாடாய் உழைத்தாள். கடைசிக் கட்டத்தில் சோறு தண்ணீர் மறந்து ஓடிக்கொண்டிருந்தவள், ஒருநாள் காலை தான் எடுத்திருந்த தடிப் புத்தகத்தை அப்பாவின் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துவிட்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். அப்பா நேராக நூலகத்துக்குத்தானே போகிறார் என்று நினைத்தாள். இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அப்பாவை அவ்வளவுதான் புரிந்துவைத்திருந்தாள்.

மதியம் பையைத் திறந்த பதினொண்ணாருக்கு வியர்த்துவிட்டது. வாங்கிப் பதிந்தால் விதி போச்சு. தன் வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்று நாலு பேர் கேட்பார்கள். திருப்பிக் கொண்டுபோகவும் வழியில்லை; வேறொருவர் பெயரில் இருக்கும் புத்தகத்தோடு வாசலைத் தாண்டினால் காவலாளி பிடித்து மானத்தை வாங்கிவிடுவார். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வாசகர்கள் மறந்துவிட்டுப் போகும் மூக்குக்கண்ணாடி, குடை, ஒற்றைக் கையுறை எல்லாம் வைக்கும் அலமாரி அவருக்குப் பின்னால்தான் இருந்தது. புத்தகத்தை அதற்குள் வைத்துப் பூட்டினார். பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'தடித்த நூல் ஒன்று. கொண்டுவந்தவர்: தெரியவில்லை.' வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அலுவலக விஷயத்தை வீட்டில் பேசுவது அவர் வழக்கமல்ல.

பன்னிரண்டு நாள் கழித்து, மாலை நாலரை மணிக்கு மகள் கவுன்ட்டருக்கு மூச்சிரைக்க வந்தாள். ஆய்வேட்டை ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். கூடவே, நூலகத்துக்குத் திருப்ப வேண்டிய புத்தகம் எதுவும் இல்லை என்ற சான்றிதழும் வேண்டும்.

பதினொண்ணார் திரையைப் பார்த்தார். "ஒரு புத்தகம் உங்க பேர்ல நிக்குது" என்றார். கவுன்ட்டரில் மகளும் 'உங்க'தான்.

"உங்க பைலதானேப்பா வச்சேன்!"

"அது இப்ப அலமாரில இருக்கு."

"சரி, எடுங்க."

"எடுக்க முடியாதும்மா. கொண்டுவந்தவர் யாருன்னு தெரியாத பொருளை தொண்ணூறு நாளைக்கு அசைக்கக் கூடாது. இன்னும் எழுபத்தெட்டு நாள் இருக்கு."

மகள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். படித்தாள். முகம் சிறுத்துப்போயிற்று.

"தெரியவில்லையா? நான் யாருன்னு உங்களுக்குத் தெரியலையாப்பா?"

"உறவெல்லாம் எழுத அதுல இடம் இல்லம்மா."

"அஞ்சு மணிக்கு மேல வாங்க மாட்டாங்க. அடுத்த தடவை ஆறு மாசம் கழிச்சுதான். கிடைச்சிருக்கிற வேலை போயிடும். மூணரை வருஷம்பா!" குரல் உடைந்தது. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

விதி பதினொண்ணாருக்குப் பிள்ளை மாதிரி. ஆனால் எதிரே நிற்பது பிள்ளை மாதிரி இல்லை, பிள்ளையேதான். கடிகாரம் நாலு நாற்பதைக் காட்டியது. பேனாவை எடுத்தார். 'தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு அந்த இடத்தில் தன் பெயரை எழுதினார். அலமாரியைத் திறந்து புத்தகத்தைப் பதிந்தார், சான்றிதழில் முத்திரை குத்தினார். மகள் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பிறகு அவர் தடைப் பட்டியலை எடுத்து, தன் பெயரையும் முப்பது நாள் என்பதையும் எழுதி, சாவியை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். மகளுக்காகத் தன்னையே தண்டித்துக்கொண்ட பெருமிதத்தில், கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார் என்று சொல்ல வேண்டும்.

ஐந்தே காலுக்கு மகள் திரும்பி வந்தாள். ஆய்வேட்டை வாங்கிக்கொண்டார்கள், நாலு நிமிடம் மிச்சம். அப்பா வாசற்படிக்குக் கீழே குற்றவாளி போல நிற்பதைப் பார்த்துத் திகைத்தாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குக் கிளம்பிய நூலகர் அம்மாவும் நின்றார்.

"ஏன் சார் வெளிய நிக்கிறீங்க?"

"விதி பதினொண்ணு மேடம். நானே போட்டுக்கிட்டேன்." நடந்ததைச் சொன்னார்.

நூலகர் அம்மா அவரை விநோதமாகப் பார்த்தார். "அந்த விதியை எடுத்து ஆறு வருஷம் ஆகுதே சார்! யார் வேணும்னாலும் கொண்டுவந்து கொடுக்கலாம். வாசல் பலகைல நீங்கதானே ஒட்டினீங்க?"

பலகை வாசலுக்கு வெளியேதான் இருந்தது. தடை பெற்றவரும் தாராளமாகப் பார்க்கலாம். வெயிலில் பழுத்துப்போயிருந்த தாளைப் பதினொண்ணார் முதல்முறையாகப் படித்தார். கீழே, 'படித்து அறிந்துகொண்டோம்' என்று ஊழியர்கள் வரிசையாகக் கையெழுத்திட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து அவருடையது. அவருக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆறு வருடமாக எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்று எண்ணிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

"நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு நூலகர் அம்மா போய்விட்டார்.

மகள் பலகையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. "வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்" என்று அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை பதினொண்ணார் முப்பது நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'நூலக விதிகளைப் படிக்க வேண்டியிருக்கிறது.'